பயத்தை உடைத்த தெர்மாகோல்: ரேடியோ சாகச விமானத்தின் கதை

ஒரு மீட்டருக்கும் குறைவான இறக்கை. ஒரு பெரிய ஆப்பிள் பழத்தின் எடை. உடம்பு முழுக்க தெர்மாகோலின் உறவுக்காரப் பொருள். இப்படிப்பட்ட ஒரு சின்ன விமானம் கூடைப்பந்து ஆடும் உள்ளரங்கத்துக்குள் பறக்கிறது. தலைகீழாகப் போகிறது. பக்கவாட்டில் சாய்ந்து கத்தி போல் காற்றைக் கிழிக்கிறது. பிறகு மூக்கை மேலே தூக்கி, கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டதுபோல் அப்படியே நிற்கிறது! எந்தப் பயணிகள் விமானமும் செய்ய முடியாத வேலை இது.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ஏனென்றால் இதன் முக்கிய பாகங்களில் பெரும்பாலானவை விமானத்துக்காகப் பிறந்தவை அல்ல. உடம்பு, வீடு கட்டுபவர்களிடமிருந்து வந்தது. மோட்டாரின் முன்னோடி சி.டி. டிரைவுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. பேட்டரி, வீடியோ கேமராவுக்கும் செல்போனுக்கும் செய்யப்பட்டது. இவை எல்லாம் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில், பொழுதுபோக்குக்காக விமானம் செய்பவர்களின் மேசையில் ஒன்றுகூடின. அதற்கு முன் அறுபது ஆண்டுகளாக அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று எடை. இன்னொன்று, விழுந்தால் உடைந்துவிடுமே என்ற பயம்.

இரட்டையர்கள் செய்த விமானம்

கம்பி இல்லாமல் தூரத்திலிருந்து ஒரு பொருளை இயக்கலாம் என்று நிக்கோலா டெஸ்லா 1898-லேயே காட்டிவிட்டார். நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் ஒரு சிறு படகை ரேடியோ மூலம் ஓட்டினார். படகு என்றால் கனமான பேட்டரியையும் சுமந்துகொண்டு மிதக்கும். விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. அதனால் சின்ன விமானங்களுக்கு ரேடியோ வர இன்னும் நாற்பது வருடம் ஆனது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்ற ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். வால்டருக்கு மாதிரி விமானம் செய்வதில் ஆர்வம். வில்லியமுக்கு அமெச்சூர் ரேடியோவில் ஆர்வம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? 1937-ல் "கஃப்" என்ற விமானம் பறந்தது! அதன் இறக்கையின் நீளம் சுமார் எட்டு அடி. அவ்வளவு பெரிய இறக்கை எதற்கு என்றால், உள்ளே இருந்த வெற்றிடக் குழாய் ரேடியோவையும் பேட்டரிகளையும் தூக்குவதற்குத்தான். 1938, 1939, 1940 ஆகிய மூன்று வருடங்களும் அமெரிக்க தேசியப் போட்டியில் இந்தச் சகோதரர்களே வென்றார்கள். போர் முடிந்த பிறகு 1947-ல் மீண்டும் வென்றார்கள். 1960-ல் அந்த விமானம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டது.

இதே காலத்தில் ஹாலிவுட்டிலும் ஒருவர் இதே வேலையில் இருந்தார். பெயர் ரெஜினால்ட் டென்னி. சினிமா நடிகர்! அவர் நடத்திய மாதிரி விமானக் கடை வளர்ந்து "ரேடியோபிளேன்" என்ற கம்பெனி ஆனது. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக, ரேடியோவில் இயங்கும் விமானங்களை இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணை ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுத்தார். நோர்மா ஜீன் என்ற அந்தப் பெண்தான் பிற்காலத்து மர்லின் மன்றோ.

ஒரே ஒரு பொத்தான்

அந்தக் காலத்து ரேடியோ விமானத்தில் சாகசம் செய்வது பற்றி நினைத்தும் பார்க்க முடியாது. கையில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். விமானத்துக்குள் முறுக்கிய ரப்பர் பேண்டால் சுழலத் துடிக்கும் ஒரு பல்சக்கரம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் அந்தச் சக்கரத்தை ஒரு பல் விடுவிக்கும். வால்பக்கச் சுக்கான் முழுதாக ஒரு பக்கம் திரும்பும். இன்னொரு முறை அழுத்தினால் மறுபக்கம். கொஞ்சமாகத் திருப்புவது என்ற பேச்சே கிடையாது. திருப்பினால் முழுசு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

1950-களில் "ரீட்" முறை வந்தது. ரிசீவருக்குள் வெவ்வேறு நீளத்தில் மெல்லிய எஃகு நாக்குகள் இருக்கும். தரையிலிருந்து ஒவ்வொரு சுருதியில் ஒலியை அனுப்பினால், அந்தச் சுருதிக்குரிய நாக்கு மட்டும் அதிரும். ஏறக்குறைய ஆர்மோனியம் போல! இதனால் பல கட்டுப்பாடுகளைத் தனித்தனியே இயக்க முடிந்தது. ஆனாலும் "கொஞ்சமாக" என்பது வரவில்லை. சுவிட்சைத் தட்டித் தட்டித்தான் ஓட்ட வேண்டும்.

1960-களில்தான் குச்சியை எவ்வளவு அசைக்கிறோமோ, சுக்கானும் அவ்வளவே அசையும் முறை வந்தது. அதன் தத்துவம் இன்றும் மாறவில்லை. ஒவ்வொரு சர்வோவுக்கும் ஒரு மின்துடிப்பு போகிறது. அதன் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் நடுநிலை. 1 மில்லி விநாடி என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறுகோடி. இது நொடிக்கு சுமார் ஐம்பது முறை நடக்கிறது. இன்று ரோபோ போட்டிக்கு மாணவர்கள் வாங்கும் மலிவான சர்வோவும் இதே மொழியைத்தான் பேசுகிறது.

போட்டியும் பயமும்

ரேடியோ விமான சாகசத்துக்கான முதல் உலகப் போட்டி 1960-ல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி "ஓரியன்" என்ற விமானத்தோடு வென்றார். 1974-ல் லாஸ் வேகாஸில் "டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்" தொடங்கியது. நடத்தியவர் சர்க்கஸ் சர்க்கஸ் ஹோட்டலின் வில்லியம் பென்னட். முதல் வருடம் வென்றவர் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர். 2002 வரை நடந்த இந்தப் போட்டியில் பரிசுப் பணம் ஏற ஏற விமானங்களும் பெரிதாகிக்கொண்டே போயின. 1990-களின் கடைசியில் உண்மையான சாகச விமானத்தின் 40 சதவீத அளவில், பதினைந்து கிலோவைத் தாண்டிய எடையில், பெட்ரோல் இஞ்சினோடு வந்து நின்றன.

புரொப்பல்லரில் தொங்குவது, மூக்கைத் தூக்கியபடி மெதுவாக ஊர்வது போன்ற "3டி" சாகசங்கள் இந்தக் காலத்தில்தான் பிரபலமாயின. அர்ஜென்டினாவின் கிகே சோமென்சினி போன்றவர்கள் அவற்றைப் பரப்பினார்கள். ஆனால் யாரால் அதைப் பழக முடிந்தது? விமானம் பால்சா மரத்தால் ஆனது. ஈக்குவடார் நாட்டிலிருந்து அதிகம் வரும் மிக லேசான மரம் அது. ஒவ்வொரு விலா எலும்பாக வெட்டி, ஒட்டி, மெல்லிய தாள் போர்த்தி ஒரு விமானத்தை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இந்தச் சாகசங்களைத் தரைக்கு அருகில்தான் செய்து காட்ட வேண்டும். கை ஒரு நொடி தடுமாறினால் ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்த வேலை குச்சி குச்சியாகக் கிடக்கும். ஆகவே பலரும் பாதுகாப்பான உயரத்தில், தெரிந்ததை மட்டுமே செய்தார்கள். தவறு செய்யாமல் எதையும் கற்க முடியாது. ஆனால் இங்கே ஒவ்வொரு தவறுக்கும் விலை ஒரு விமானம்!

மின்சாரம் ஏன் தாமதித்தது?

சத்தம் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. அப்படியானால் மின்மோட்டாரை முதலிலேயே வைத்திருக்கலாமே? முயன்றார்கள். ஃபிரெட் மிலிட்கி 1960-ல் "சைலென்ஷியஸ்" என்ற மின்சார மாதிரி விமானத்தை வடிவமைத்தார். ஜெர்மனியின் கிராப்னர் நிறுவனம் அதை விற்றது. அவர் அதோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் அவருடைய முயற்சியால் மனிதரைச் சுமந்த மின்சார விமானம் ஒன்று ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பறந்தது. பேட்டரியில் இருந்தது அவ்வளவுதான்.

சிக்கல் அந்தப் பேட்டரியில்தான். நிக்கல் காட்மியம் பேட்டரி ஒரு கிலோவில் வைத்திருக்கும் சக்தி மிகக் குறைவு. அதிக நேரம் பறக்கப் பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரியைத் தூக்கப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டார் இன்னும் வேகமாகப் பேட்டரியைத் தின்னும். இந்தச் சுழலில் முப்பது வருடம் போனது. மின்சார விமானம் என்றால் மெதுவாக மிதக்கும் கிளைடர் என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு திசையிலிருந்து நான்கு பொருள்கள்

முதலாவது, நுரை. நமக்குத் தெரிந்த தெர்மாகோல் மணிமணியாக உதிரும். அதே பாலிஸ்டைரீனைக் கூழாக்கித் தகடாகப் பிதுக்கினால் வழவழப்பான, உதிராத தாள் கிடைக்கும். ஐரோப்பாவில் தரைக்கு அடியிலும் சுவரிலும் குளிர் புகாமல் தடுக்க "டெப்ரான்" என்ற பெயரில் இப்படிப்பட்ட தகடுகள் விற்கப்பட்டன. 3 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டர் எடுத்தால் நூறு கிராம் சொச்சம்தான்! இன்னொரு வகை, பாலிப்ரொப்பிலீன் நுரை. இது 1980-களில் கார் பம்பருக்குள் வைக்கப்பட்டது. அடி வாங்கினால் நசுங்கி, மறுபடி பழைய உருவத்துக்கு வந்துவிடும். 1990-களில் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் விமானத்தை விமானத்தால் மோதி விளையாடியவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். மோதுவதற்கென்றே விமானம் என்றால், பம்பர் நுரையை விடப் பொருத்தமானது எது?

இரண்டாவது, மோட்டார். சாதாரண மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும். சக்தி வீணாகும். சி.டி. டிரைவில் வட்டைச் சுழற்றும் மோட்டாரில் பிரஷ் கிடையாது. கம்பிச் சுருள் நடுவில் அசையாமல் இருக்கும். காந்தம் பதித்த வெளிக்கூடு அதைச் சுற்றிச் சுழலும். 2000-களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் பழைய டிரைவ்களைப் பிரித்தார்கள். மெல்லிய கம்பியை உருவிவிட்டுத் தடித்த கம்பியைச் சுற்றினார்கள். சாதாரண காந்தத்தைப் பெயர்த்துவிட்டு நியோடைமியம் காந்தத்தை ஒட்டினார்கள். அவ்வளவுதான்! குப்பைக்குப் போக வேண்டிய மோட்டார் ஒரு விமானத்தைத் தூக்கியது. வெளிக்கூடு சுழல்வதால் திருகுவிசை அதிகம். பற்சக்கரப் பெட்டி இல்லாமலே பெரிய புரொப்பல்லரை நேராகச் சுழற்றலாம்.

மூன்றாவது, லித்தியம் பேட்டரி. விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகியோரின் ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியாக 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிள்ளையான லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு இரும்பு உறை கூட வேண்டாம். நிக்கல் காட்மியத்தோடு ஒப்பிட்டால் அதே எடையில் இரண்டு, மூன்று மடங்கு சக்தி. முப்பது வருடச் சுழல் இங்கேதான் உடைந்தது.

நான்காவது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. முன்பெல்லாம் அமெரிக்காவில் 72, ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பறக்கவிட்டார்கள். ஒரே சேனலில் இன்னொருவர் தன் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டால் விமானம் தரையில்தான் கிடக்கும். அதனால் மைதானத்தில் பலகை வைத்து, யாருக்கு எந்த சேனல் என்று கிளிப் மாட்டி வைப்பார்கள். 2005-ல் ஸ்பெக்ட்ரம் நிறுவனம் வெளியிட்ட ரேடியோ இந்தத் தொல்லையை ஒழித்தது. அது முதலில் வந்தது பூங்காவில் பறக்கும் சின்ன விமானங்களுக்காகத்தான். ரேடியோ அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவி, இடையூறிலிருந்து தப்பிக்கும் யோசனைக்கு 1942-லேயே ஒரு காப்புரிமை உண்டு. பெற்றவர்கள் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் நடிகை ஹெடி லமாரும். மறுபடியும் ஹாலிவுட்!

எப்படிச் செய்கிறார்கள்?

இந்த நான்கும் கூடிய பிறகு வந்த விமானத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். உருண்டையான உடம்பு கிடையாது. வளைந்த இறக்கை கிடையாது. ஒரு தட்டைத் தகட்டைப் படுக்கையாகவும் இன்னொன்றை நிமிர்த்தியும் சிலுவை போலச் செருகியதுதான் விமானம். ஜெர்மனியின் இக்காரஸ் நிறுவனம் வெளியிட்ட "ஷாக் ஃபிளையர்" இந்த வகையைப் பிரபலமாக்கியது.

தட்டை இறக்கை எப்படிப் பறக்கும்? இவ்வளவு சிறிய அளவில், இவ்வளவு குறைந்த வேகத்தில், வளைந்த இறக்கைக்கும் மெல்லிய தட்டைக்கும் இடையே வித்தியாசம் குறைந்துவிடுகிறது. தவிர, தலைகீழாகப் பறக்கும்போதும் தட்டைக்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்ந்து நிற்கும் தகடே இறக்கை வேலையைச் செய்யும்.

செய்முறை இதுதான். வரைபடத்தை அச்சடித்து 3 மில்லிமீட்டர் தகட்டின் மேல் வைத்து, புது பிளேடால் வெட்ட வேண்டும். மழுங்கிய பிளேடு நுரையைப் பிய்த்துவிடும். சுக்கான்கள் அசையும் ஓரத்தைச் சாய்வாகச் சீவி, டேப்பால் கீல் போல் ஒட்ட வேண்டும். நுரை மட்டும் என்றால் வளைந்து துவளும். ஆகவே மெல்லிய கார்பன் குச்சிகளை இறக்கைக்கும் உடம்புக்கும் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுக்கிறார்கள். எடை கூடாமல் விறைப்பு கூடுவது இந்த முக்கோணங்களால்தான். பசையில் கவனம் வேண்டும். ஃபெவிக்விக் வகைப் பசையைத் தொட்டால் பாலிஸ்டைரீன் உருகி ஓட்டை விழும்! நுரைக்கென்றே தனிப் பசை இருக்கிறது.

பிறகு எடைக் கணக்கு. நுரை ஏறக்குறைய 55 கிராம். கார்பன், பசை எல்லாம் சேர்ந்து 20. மோட்டார் 25. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 10. சர்வோ மூன்று, அவை 18. ரிசீவர் 5. இரண்டு செல் பேட்டரி 28. புரொப்பல்லரும் கம்பிகளும் ஒரு 10. கூட்டினால் 171 கிராம். இந்த மோட்டாரும் எட்டு, ஒன்பது அங்குல புரொப்பல்லரும் தரும் இழுவிசை 300 கிராம் அளவுக்கு வரும். கடைசியாக பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி எடையின் மையத்தைச் சரி செய்கிறார்கள். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. மீறினால் பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். இந்த விளையாட்டில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

காற்றில் தொங்கும் ரகசியம்

எடை 171, இழுவிசை 300. இதுதான் ரகசியம். இழுவிசை எடையை விட அதிகம் என்றால் பறக்க இறக்கையே வேண்டாம். மூக்கை மேலே வைத்து, இழுவிசையை எடைக்குச் சமமாகக் குறைத்தால் விமானம் நிற்கும். வேகம் பூஜ்யம். அப்படியானால் சுக்கான் எப்படி வேலை செய்கிறது? புரொப்பல்லர் தள்ளும் காற்று நேராக வால்பக்கத்தில் போய் மோதுகிறது. அதனால்தான் இந்த விமானங்களின் சுக்கான்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன. புரொப்பல்லர் ஒரு பக்கம் சுழல்வதால் உடம்பு எதிர்ப்பக்கம் மெல்லச் சுழலும். அதையும் ஒரு சாகசமாக்கி "டார்க் ரோல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாறியது என்ன?

லாஸ் வேகாஸில் பதினைந்து கிலோ விமானங்கள் செய்த அதே வேலையை இப்போது 171 கிராம் நுரை செய்தது. விழுந்தால்? ஐந்து நிமிடம் பசை காயக் காத்திருந்தால் போதும். மூக்கு முற்றிலும் நொறுங்கினாலும் அதே வரைபடத்தை வைத்து ஒரு மாலையில் புதிதாக வெட்டிவிடலாம். வரைபடங்களை இணையத்தில் பலர் இலவசமாகவே கொடுத்தார்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டுப் பழகலாம், இருபது முறை விழலாம், இருபத்தோராவது முறை நிற்கும். பணமும் பட்டறையும் உள்ளவர்களின் கலை, பள்ளி மாணவர்களின் கைக்கு வந்தது இப்படித்தான்.

குளிர்காலத்தில் உள்ளரங்கத்தில் பறக்கவிடும் வழக்கம் ஐரோப்பாவில் தனி விளையாட்டாகவே வளர்ந்தது. 2013-ல் ஜெர்மனியின் கோபுர்க் நகரில் உள்ளரங்க சாகச விமானங்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. அதன் போட்டி விமானங்கள் நூறு கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டன. இன்னொரு பக்கம், அதே மோட்டார், அதே பேட்டரி, அதே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை நான்கு மூலையில் வைத்துக் கட்டியபோது ட்ரோன் பிறந்தது. கல்யாண வீட்டில் படம் எடுக்கும் ட்ரோனுக்கும் அந்த நுரை விமானத்துக்கும் உறவு மிக நெருக்கமானது.

பால்சா விமானத்தின் அழகு இந்த நுரை விமானத்துக்குக் கிடையாது என்று பழையவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தாள் போர்த்திய இறக்கையின் ஊடே வெயில் தெரியும் அழகு தெர்மாகோலுக்கு எங்கிருந்து வரும்? ஆனால் அழகான விமானம் வானத்தில் பத்திரமாகப் பறந்தது. அவலட்சணமான விமானம்தான் தரைக்கு இறங்கி வந்து, விழுந்து, எழுந்து, புதியவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது.